கைப்பழக்கமும் கண்பழக்கமும்

சித்திரம் எழுதுவது பிறவியோடு வருவதா, பழகினால் வருவதா என்ற கேள்விக்கு ஒளவையார் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் பெயரில் வழங்கும் தனிப்பாட்டு ஒன்று சில காரியங்களைப் பழக்கத்தின் கணக்கில் எழுதுகிறது. சிலவற்றைப் பிறவியின் கணக்கில் எழுதுகிறது. சித்திரம் பழக்கத்தின் பக்கம். இரக்கமும் ஈகையும் சிநேகமும் பிறவியின் பக்கம். நாமோ இந்தக் கணக்கை அப்படியே புரட்டி வைத்துக்கொண்டிருக்கிறோம். ஈகையைப் பழக்கிவிடலாம் என்று நம்பிக் குழந்தையின் கையில் கோயில் உண்டியலுக்குக் காசு கொடுக்கிறோம். அதே குழந்தை பூனை என்று சொல்லி எதையோ கிறுக்கிக்கொண்டு வந்தால், "இவனுக்குக் கை வராது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நடுத்தரக் குடும்பங்களில் இந்த "வராது" என்ற சொல்லுக்கு இருக்கிற அதிகாரம் ஆச்சரியமானது. கணக்கு வரவில்லையென்றால் டியூஷன் வைக்கிறோம். சைக்கிள் வரவில்லையென்றால் விழுந்து எழுந்து பழகு என்கிறோம். சித்திரம் வரவில்லையென்றால் மட்டும் அது விதி. பத்து வயதில் போட்ட இந்தத் தீர்ப்பை எழுபது வயது வரையில் யாரும் மறு விசாரணைக்கு எடுத்துக்கொள்வதில்லை.

ஒளவையார் கையைச் சொன்னார். பழைய தமிழில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்திலும் ஓவியர்களுக்குக் கண்ணுள் வினைஞர் என்று பெயர். பார்க்கிறவர் கண்ணுக்குள்ளே தம் வேலையைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் என்ற கருத்தில் நச்சினார்க்கினியர் அதற்கு உரை சொல்கிறார். பார்க்கிறவர் கண்ணில் நிறுத்துவதற்கு முன்னால் எழுதுகிறவன் கண்ணில் அது நின்றிருக்க வேண்டும் அல்லவா? கைப்பழக்கத்துக்கு முன்னால் கண்பழக்கம் ஒன்று உண்டு. சித்திரம் சொல்லிக்கொடுக்கிற வகுப்புகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதென்றால், இந்த இரண்டில் எதை அவை பழக்குகின்றன என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், முன்னால் படித்திருக்க வேண்டியதில்லை என்ற வகுப்புக்கு உலகத்தில் பெயர்போன உதாரணம் லண்டனில் 1854-இல் தொடங்கிய தொழிலாளர் கல்லூரி. அங்கே மாலை வேளைகளில் சித்திரம் சொல்லிக்கொடுத்தவர் ஜான் ரஸ்கின். காந்தியடிகள் 1904-இல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது படித்து மனம் மாறினாரே, அந்தப் புத்தகத்தை எழுதிய அதே ரஸ்கின்தான். தச்சரும் கொல்லரும் குமாஸ்தாவும் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். அவர்கள் முன்னால் அவர் ஒரு வெள்ளைப் பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். அதில் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வரைய வேண்டும். அவ்வளவுதான் முதல் பாடம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது கலகம் என்றே சொல்ல வேண்டும். ஹென்றி கோல் என்பவருடைய ஏற்பாட்டில் சவுத் கென்ஸிங்டன் முறை என்று ஒன்று அப்போது அரசாங்க ஆதரவோடு பரவிக்கொண்டிருந்தது. அச்சடித்த மாதிரிப் படத்தை வைத்துக் கோடு கோடாகப் பிரதி எடுக்க வேண்டும், பிறகு கனவடிவங்கள், பிறகு அடுத்த வகுப்பு என்று படிப்படியாக ஏற வேண்டும். ஆலைத் துணிக்கும் பீங்கானுக்கும் வேலைப்பாடு எழுதும் கைகளைத் தயாரிப்பது அதன் முக்கியமான நோக்கம். ரஸ்கினுக்கோ அப்படி ஒரு நோக்கமும் இல்லை. தச்சனைச் சித்திரக்காரன் ஆக்குவது என் வேலை அல்ல, அவன் தச்சனாகவே சந்தோஷமாக இருக்கும்படி செய்வதே என் வேலை என்ற பொருள்பட 1857-இல் ஒரு விசாரணைக் கமிஷன் முன்னால் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், அவரிடம் வந்த தச்சர்களில் ஜார்ஜ் ஆலன் என்பவர் தச்சராகவே நின்றுவிடவில்லை. செதுக்குச் சித்திரக்காரராகி, பிறகு ரஸ்கினுடைய புத்தகங்களையே வெளியிடும் பதிப்பாளர் ஆனார். ராதாகிருஷ்ணனின் இந்தியத் தத்துவ நூலை 1923-இலும் 1927-இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட ஆலன் அண்ட் அன்வின் கம்பெனி அந்த வழியில் வந்ததுதான். எல்லோரையும் உள்ளே விடுகிற வகுப்பில் யார் எங்கே போய்ச் சேருவார்கள் என்று வாத்தியாருக்குக்கூடத் தெரியாது.

நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது ரஸ்கினின் பந்து அல்ல, கோலின் படிக்கட்டு. டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-இல் சொந்த முயற்சியில் சென்னையில் ஆரம்பித்த கலைப் பள்ளியைச் சில வருஷங்களில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சிற்பமும் சித்திரமும் தந்தையிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று குலத்துக்குள்ளேயே போய்க்கொண்டிருந்த நாட்டில், பீஸ் கட்டினால் யாரும் கற்கலாம் என்று வந்தது பெரிய மாறுதல்தான். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் கூடவே பரீட்சையும் வந்தது. இன்றைக்கும் நம் அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஃப்ரீஹேண்டு அவுட்லைன், மாடல் டிராயிங் என்றும், லோயர், ஹையர் என்றும் வழங்குகிற பெயர்களில் அந்தப் பழைய படிக்கட்டின் சாயல் இருக்கிறது.

இவ்வளவையும் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு நான் எழுதவில்லை. சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நாமக்கல்லில் ஒரு வகுப்புக்குப் போய் வருகிறேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு வீட்டுத் திண்ணையிலும் தாழ்வாரத்திலுமாக நடத்துகிறார். வயது கேட்பதில்லை, படிப்புக் கேட்பதில்லை. ஓர் அட்டை, காகிதம், பென்சில், ரப்பர் இருந்தால் போதும். நான் போன அன்றைக்குப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ரிஜிஸ்டர் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். லாரிகளுக்குப் படமும் எழுத்தும் எழுதுகிற பெயிண்டர் ஒருவர். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவளைக் கொண்டுவந்து விட வந்து, போகாமல் தூணோரம் நின்றுவிட்ட அவள் தாயார்.

"உக்காருங்க அம்மிணி, நீங்களும் போடலாம்" என்றார் மாஸ்டர்.

"எனக்கு ஒண்ணும் வராதுங்க. புள்ளையக் கொண்டாந்து உட வந்தேன்."

"காலையில வாசல்ல போட்டது யாருங்க?"

"அது கோலமுங்க" என்றாள் அந்த அம்மாள், அது வேறு, இது வேறு என்கிற மாதிரி. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

நடுவில் முக்காலியின் மேல் ஒரு பித்தளைச் செம்பு. விளிம்புக்குக் கீழே ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. எல்லோருக்கும் அதுதான் பாடம். புதியவருக்கு ஒன்று, பழகியவருக்கு ஒன்று என்று கிடையாது.

ரிஜிஸ்டர் ஆபீஸ்காரர் செம்பின் வாயை முழு வட்டமாகப் போட்டார். அடியை நேர்கோடாகப் போட்டார். வாய் வட்டம் என்பது அவருக்குத் தெரியும். செம்பு ஆடாமல் நிற்கிறது என்பதும் தெரியும். தெரிந்ததைப் போட்டார். மாஸ்டர் ஒன்றும் திருத்தவில்லை. கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாயின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பார்க்கச் சொன்னார். அகலத்தில் நாலில் ஒரு பங்குகூட உயரம் இல்லை. பெரியவர் இரண்டு தடவை அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாந்தடவையும் அளந்தார். அறுபது வருஷம் தினம் பார்த்த பாத்திரத்தின் வாய் தம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்ததே இல்லை என்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். அடிப்பாகம் கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால் அந்த வளைவு வாயைவிட அதிகமாக வளைய வேண்டும் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடம்.

பெயிண்டர் ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார். கோடு என்றால் அப்படி ஒரு கோடு, நடுக்கமே கிடையாது. லாரிக் கட்டுமானத்துக்குப் பெயர் போன ஊரில் பல வருஷம் பாடிகளில் தாமரையும் மயிலும் எழுதிய கை. இரண்டு பக்கமும் ஒத்த அழகான செம்பு. கேட்டால் தேங்காயும் மாவிலையும் வைத்துக் கும்பமாகவே ஆக்கித் தந்திருப்பார். நசுங்கல் மட்டும் இல்லை.

"ஏனுங் சார், செம்புன்னா இப்பிடித்தானுங்க இருக்கும்?"

"செம்புன்னா இப்படித்தான் தம்பி. இந்தச் செம்பு இப்படி இல்லையே?"

அந்த அம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? கோடு போடுவதற்கு முன்னால் காகிதத்தில் ஏழெட்டுப் புள்ளி வைத்தாள். வாயின் இரண்டு ஓரத்துக்கு இரண்டு, கழுத்துக்கு இரண்டு, வயிற்றுக்கு இரண்டு, நசுங்கல் தொடங்கும் இடத்தில் ஒன்று. பிறகு புள்ளிகளை ஒட்டிக் கோட்டை இழுத்தாள். கோடு கொஞ்சம் கோணல்தான். ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் இருந்த காகிதங்களிலேயே அந்தக் குறிப்பிட்ட செம்பு உட்கார்ந்திருந்தது அவள் காகிதத்தில்தான். பெரியவருக்கு மாஸ்டர் பென்சிலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த அளவு முறையை அவள் வாசலிலேயே கற்றுக்கொண்டிருந்தாள். அதற்குச் சித்திரம் என்று பெயர் உண்டென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் குறை.

இந்த இடத்தில்தான் எனக்கு ரஸ்கினோடு சண்டை. 1857-இல் அவர் வெளியிட்ட சித்திரப் பாட நூல் இன்றைக்கும் படிக்கத்தக்கது. வாத்தியார் இல்லாத மாணவனுக்காகக் கடித வடிவில் எழுதியது. ஒரு சதுரத்தைப் பேனாக் கோடுகளால் ஒரே சீரான சாம்பல் நிறமாக நிரப்புவதில் தொடங்கி, சாதாரண உருண்டைக் கல் ஒன்றை எடுத்து வந்து வரையச் சொல்கிறது. கல்லைச் சரியாக வரைந்தவனுக்கு மற்றதெல்லாம் எட்டும் தூரந்தான் என்று தைரியம் சொல்கிறது. இதெல்லாம் சரி. ஆனால் அவர் கேட்கிற கண், முன்பின் ஒன்றுமே தெரியாத குழந்தையின் கண். உலகத்தை நிறத் திட்டுகளாக மட்டும் பார்க்கிற கண். அப்படிப்பட்ட கண் யாருக்கு இருக்கிறது?

அதுமட்டுமல்ல. 1858-இல் சவுத் கென்ஸிங்டனில் பேசியபோது அதே ரஸ்கின் இந்தியர்களுடைய கலையைப் பற்றிக் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னார். இயற்கையில் இருப்பதை அவர்கள் வரைவதில்லை, மனிதனுக்குப் பதில் எட்டுக் கை அரக்கனையும் பூவுக்குப் பதில் வெறும் சுழிகளையும் வளைவுகளையும் வரைகிறார்கள் என்பது அவர் புகார். சிப்பாய்க் கலகத்தின் கோபம் ஆறாத சமயம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் அந்தத் தீர்ப்பின்படி பார்த்தால் நாமக்கல் ஊரின் இரண்டு பெரிய சித்திர மரபுகளும் தள்ளுபடியாகிவிடும். சுழியும் வளைவும் நம் வாசல் கோலம். பல கைகள் கொண்ட உருவம், எட்டாம் நூற்றாண்டில் அதியர்கள் குடைவித்த குகையில் இருக்கிற நரசிம்மம்.

அந்தக் குகைக்குள் போய்ச் சிறிது நேரம் நின்று பாருங்கள். கைகள் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, மடியில் கிடக்கிற இரணியனின் உடல் எப்படி வளைந்திருக்கிறது என்று பாருங்கள். உயிருள்ள உடம்பு பாரத்தில் எப்படித் தொய்யும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவனைத் தவிர வேறு யாரும் அதைச் செதுக்கியிருக்க முடியாது. எத்தனை கை வேண்டும் என்பதை மரபு சொல்லிக்கொடுத்தது. உடம்பின் தொய்வை அவன் கண் சொல்லிக்கொடுத்தது. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

காம்பிரிக் என்ற அறிஞர் 1960-இல் வெளியிட்ட ஒரு நூலில் இதை விரிவாக வாதிட்டிருக்கிறார். யாரும் வெறுங்கண்ணோடு வரைய உட்காருவதில்லை; ஏற்கனவே மனத்தில் இருக்கிற ஒரு வடிவத்தைப் போட்டுவிட்டு, பொருளைப் பார்த்துப் பார்த்து அதைத் திருத்துகிறோம் என்பது அவர் கட்சி. எங்கள் தாழ்வாரத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. பெயிண்டரிடம் வடிவம் நிறைய இருந்தது, திருத்தம் இல்லை. பெரியவரிடம் திருத்துகிற பொறுமை இருந்தது, வடிவம் இல்லை. அந்த அம்மாளிடம் வடிவமும் அளவும் இருந்தன. அது சித்திரம் என்ற தைரியம் இல்லை. ஒரே தரத்தாரை மட்டும் கூட்டி வைத்திருந்தால் இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் அந்த அந்த அறையிலேயே சௌக்கியமாகத் தங்கியிருக்கும். பெயிண்டர் தம் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து அந்த அம்மாளின் கோணல் செம்பைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் ரப்பரை எடுத்தார். மாஸ்டர் சொல்லியும் ஆகாத காரியம் அது.

இப்படிப்பட்ட வகுப்பில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாத்தியாருக்கு ஒரே சமயத்தில் பன்னிரண்டு பாடம். புதிதாக வருகிறவர்கள் பக்கத்துக் காகிதத்தைப் பார்த்து வெட்கப்பட்டு மூன்றாம் வாரம் நின்றுவிடுகிறார்கள். நான் பார்க்கவே இருவர் அப்படிப் போனார்கள். பழகிய கைக்கு, இதே செம்பா என்று அலுப்புத் தட்டுகிறது. இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் பெயிண்டருடையது. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுகிற ஸ்டிக்கர் வந்த பிறகு லாரியில் கையால் எழுதுகிற வேலை குறைந்துவிட்டது. லோயரும் ஹையரும் தேறி, எங்கேயாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கலாம் என்றுதான் அவர் வந்திருக்கிறார். பரீட்சைக்கோ கொடுத்த உருவத்தைக் குறித்த நேரத்தில் அப்பழுக்கில்லாமல் எழுத வேண்டும். மாடல் டிராயிங்கில் பொருளையே கண்முன் வைக்கிறார்கள் என்பது வாஸ்தவம்; ஆனால் பரீட்சைக்குத் தயார் செய்கிறவர்கள் வாளியையும் பெட்டியையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் போகிறார்கள். அவரிடம் போய் நசுங்கலைப் பார் என்று சொல்வது நியாயமா?

நியாயம் என்றே நினைக்கிறேன். பிரதி எடுப்பதை மெஷின் அவரைவிட வேகமாகச் செய்யப் போய்த்தான் அவர் வேலையை அது எடுத்துக்கொண்டது. திரும்பவும் பிரதி எடுப்பதிலேயே தேறி, அதையே நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளைகளின் கைவேலையையும் மெஷின் எடுத்துக்கொள்ளும். பரீட்சைக்காக அவர் பிரதி எடுக்கத்தான் வேண்டும். பசிக்கு முன்னால் கொள்கை பேசுகிறவன் நான் அல்ல. ஆனால் வாத்தியாராகப் போகிறவருக்கு நசுங்கல் தெரிந்திருக்க வேண்டும்.

சேலம், நாமக்கல் சீமைக்கு இதில் ஒரு முன்னோடி உண்டு. மோகனூரில் 1888-இல் பிறந்த ராமலிங்கம் பிள்ளையை நாம் நாமக்கல் கவிஞர் என்று மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு நடந்தவர்கள் பாடிப்போன பாட்டு அவருடையது. 1954-இல் திரைப்படமாக வந்த மலைக்கள்ளன் அவருடைய நாவல். ஆனால் ஊர் அவரை முதலில் அறிந்தது ஓவியராகத்தான். உருவப் படங்கள் எழுதிச் சம்பாதித்தவர் அவர். காரைக்குடிப் பக்கம் பாரதியாரைச் சந்தித்தபோதுகூட ஓவியர் என்றே அறிமுகமானார். சிற்பியின் மகனோ தச்சரின் மகனோ அல்ல. போலீஸ் இலாகாவில் வேலை பார்த்தவரின் மகன். குலத்தொழிலும் இல்லை, பிறவி உரிமையும் இல்லை என்று அன்றைக்கு யாராவது வாசலை அடைத்திருந்தால், நஷ்டம் ஓவியத்தோடு நின்றிருக்காது என்றே நினைக்கிறேன். பார்த்து எழுதப் பழகியவர் அவர். கையில் தூரிகை இருந்தாலும் பேனா இருந்தாலும் அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

கதை படிக்கிறவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். எங்கள் வகுப்பில் ஒரு நாள் எல்லோரையும் வெளியே பார்க்காமல் நாமக்கல் மலையை வரையச் சொன்னார் மாஸ்டர். பன்னிரண்டில் ஒன்பது பேர் முக்கோணம் போட்டார்கள். இரண்டு பேர் பக்கத்தில் சூரியனையும் வைத்தார்கள். தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால் அந்த மலைக்குச் சிகரமே கிடையாது. ஒரே பாறை, பருத்து, உருண்டு, உச்சியில் கோட்டைச் சுவரைச் சுமந்துகொண்டு படுத்திருக்கிறது. அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் போட்ட முக்கோணம் எங்கிருந்து வந்தது? பாடப் புத்தகத்திலிருந்து, காலண்டரிலிருந்து.

நம் கதைகளில் வருகிற மலையும் ஆறும் பெரும்பாலும் அங்கிருந்து வருகிறவைதான். சலசலக்கும் ஓடை, பச்சைக் கம்பளம் விரித்த வயல், தென்றல். சேலத்துப் பக்கத்தில் நடக்கிற கதையில்கூட மேக்னசைட் வெட்டியெடுத்த கரடுகளின் வெளுப்பையோ, ஜவ்வரிசி காய்கிற களத்தின் கண் கூசும் வெள்ளையையோ, கோடையில் திருமணிமுத்தாற்றின் நிலைமையையோ காண்பது அரிது. எழுதுகிறவன் பார்க்கவில்லை, படிக்கிறவரும் பார்க்காதவராக இருப்பதால் அது அகப்பட்டுக்கொள்வதில்லை. ஒரு தடவையாவது செம்பின் வாயை அளந்து பார்த்த வாசகரிடம் இந்த முக்கோண மலைகள் செல்லாது.

அரசாங்கத்தின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் மாவட்டங்களில் 5 வயது முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்கின்றன. நல்ல காரியம். பதினாறு தாண்டியவர்களுக்கு வாசல் எது? கலைக் கல்லூரி சிலருக்குத்தான். மீதிப் பேர் பத்து வயதில் கேட்ட தீர்ப்போடு காலத்தை ஓட்ட வேண்டியதுதானா? ஒவ்வொரு ஊரிலும் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத் தாழ்வாரங்கள் பூட்டிக் கிடக்கின்றன. நசுங்கிய செம்பு இல்லாத வீடு கிடையாது. உங்கள் ஊரில் இப்படி ஒரு வகுப்பு இருந்தால் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நீங்களும் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இல்லாவிட்டால் அந்த மாஸ்டரின் வீடு எது என்று விசாரியுங்கள்.